பனிக்காலத்தில் பழைய தோட்ட டிராக்டர்: நாமே வரவழைக்கும் கோளாறுகள்

முப்பது நாற்பது வயதான தோட்ட டிராக்டர் கோடை முழுக்க ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் புல் வெட்டும். முதல் கடும்பனி விழுந்த காலையில் சாவியைத் திருப்பினால் 'டொக்' என்று ஒரே சத்தம், அதோடு சரி. 'வயசாச்சு, குளிர் தாங்கவில்லை' என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். நான் பிரித்துப் பார்த்த வண்டிகளில் பாதிக்கு மேல் கோளாறு ஈரத்தால் வந்தது. பெட்ரோலில், ஆயிலில், கியர் பெட்டியில், கேபிள் முனையில் என்று எங்காவது தண்ணீர் ஒளிந்திருக்கும். உறைநிலை வரும்வரை அது வாயைத் திறக்காது. அதை உள்ளே விட்டது பெரும்பாலும் நாம்தான்.

நல்லெண்ணத்தோடு செய்யும் தவறு ஒன்று உண்டு. வாரத்துக்கு ஒருமுறை கொட்டகைக்குப் போய், வண்டியை ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்துவிட்டு வருவது. அப்படிச் செய்தால் இன்ஜின் இறுகாமல் இருக்கும் என்பார்கள். பெட்ரோல் எரியும்போது நீராவியும் சேர்ந்தே உண்டாகிறது. அதில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஆயில் இருக்கும் இடத்துக்கு இறங்கும். இன்ஜின் நன்றாகச் சூடானால் அந்த ஈரம் ஆவியாகி வெளியே போய்விடும். ஐந்து நிமிடத்தில் அந்தச் சூடு ஏறவே ஏறாது. சில்லென்று இருக்கும் உலோகச் சுவரில் நீராவி படிந்து ஆயிலில் கலக்கும். சோக் போட்டு ஓட்டுவதால் எரியாத பெட்ரோலும் இறங்கி ஆயிலை நீர்க்கவைக்கும்.

இப்படி ஏழெட்டு வாரம் போனபின் ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். நுனியில் கறுப்பு ஆயில் இருக்கும். அதற்கு மேலே குச்சியைச் சுற்றியும், மூடியின் உட்பக்கத்திலும் வெண்மஞ்சளாக ஒரு பசை, மோரில் கிரீஸைக் குழைத்த மாதிரி. அதே ஈரம் பிரீதர் குழாயிலும் சேர்ந்து உறைந்தால் இன்ஜினுக்குள் அழுத்தம் போக வழி இருக்காது. எது பலவீனமோ அந்த வழியாக ஆயிலைத் தள்ளும். 'ஆயில் சீல் போச்சு' என்று புது சீல் வாங்கிப் போடுவோம், அதுவும் ஒழுகும். குழாயை முதலில் கழற்றிப் பார்த்திருந்தால் செலவே இல்லை. ஆகவே ஸ்டார்ட் செய்தால் அரை மணி நேரமாவது வேலை கொடுத்து ஓட்டுங்கள். வேலை இல்லையா, தொடவே தொடாதீர்கள்.

அடுத்தது பேட்டரி. 'போன மாதம்கூட ஒரே திருப்பில் எடுத்ததே' என்பது பேட்டரிக்குப் புரியாது. மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் அதன் சக்தி ஏறக்குறைய பாதியாகிவிடும். அதே குளிரில் ஆயிலும் கெட்டியாவதால் செல்ஃப் மோட்டாருக்கு வழக்கத்தைவிட அதிக சக்தி தேவை. ஓய்வில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.4-க்குக் கீழே போனால் சார்ஜ் போட்டுவிடுங்கள். முழு சார்ஜில் உள்ள பேட்டரி மைனஸ் 50 டிகிரியில்கூட உறையாது. சார்ஜ் இறங்கியதோ மைனஸ் 8, 10 டிகிரியிலேயே உறைந்துவிடும், ஏனென்றால் ஆசிட் செறிவு குறைந்து உள்ளே இருப்பது கிட்டத்தட்ட தண்ணீர்தான். பக்கவாட்டில் வீங்கிய பேட்டரியைக் கண்டால் சார்ஜரையோ ஜம்ப் கேபிளையோ பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். உறைந்த பேட்டரிக்குள் மின்சாரம் பாய்ந்தால் வெடிக்கலாம்.

பழைய வண்டிகளின் சார்ஜிங் அமைப்பும் சாதாரணமானது. சில மாடல்கள் 3 ஆம்பியர்தான் தரும். முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு கால் மணி நேரம் ஓட்டினால், ஸ்டார்ட் செய்தபோது செலவான சார்ஜ்கூடத் திரும்பி வராது. ஆகவே பனிக்காலத்தில், பேட்டரியை முழு சார்ஜிலேயே வைத்திருக்கும் சின்ன பராமரிப்பு சார்ஜர் ஒன்று கட்டாயம். சிமெண்ட் தரையில் வைத்தால் பேட்டரி இறங்கிவிடும் என்று இன்னும் சொல்கிறார்கள். இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்கு அது பொருந்தாது, தாராளமாக வையுங்கள்.

பேட்டரி நன்றாக இருந்தும் செல்ஃப் சோம்பலாகச் சுற்றினால், புது பேட்டரி வாங்க ஓடுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். சில நொடி செல்ஃப் அடித்துவிட்டு ஒவ்வொரு கேபிள் முனையையும் விரலால் தொட்டுப் பாருங்கள். எது சூடாக இருக்கிறதோ அங்கேதான் துரு. என் அனுபவத்தில் பத்தில் ஏழு முறை அது சட்டத்தில் போல்ட் போட்ட எர்த் கேபிளின் முனை. பெயிண்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து, இரும்பு பளபளக்கும்வரை எடுத்துவிட்டு முடுக்குங்கள். செல்ஃபையும் விடாமல் அடிக்காதீர்கள். பத்து நொடிக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு நிமிடம் ஆறவிடுங்கள். கிளட்ச் மிதியை அழுத்திக்கொண்டு அடித்தால் கெட்டியான கியர் ஆயிலைக் கலக்கும் வேலையாவது மிச்சம்.

ஆயில் விஷயத்தில் கோடையில் ஊற்றிய 30 கிரேடையே பனியிலும் வைத்திருப்பது வழக்கமான அலட்சியம். உறைநிலைக்குக் கீழே, குளிரிலும் கெட்டியாகாமல் ஓடும் 5டபிள்யூ-30 ஆயிலைப் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் செல்ஃப் சத்தத்திலேயே தெரியும். கோடை வந்ததும் பழையபடி 30-க்குத் திரும்பிவிடுங்கள். காற்றால் குளிரும் பழைய இன்ஜின்கள் வெயிலில் மெல்லிய ஆயிலைக் குடித்துத் தீர்க்கும்.

ஸ்டார்ட் ஆகாத எரிச்சலில், சட்டென்று தீப்பிடிக்கும் ஈதர் ஸ்பிரேயை இன்ஜினுக்குள் அடிக்க எடுப்பவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. சிலிண்டர் சுவரில் மிச்சமிருக்கும் ஆயில் படலத்தை அது கழுவிவிடும், வெடிப்பின் அதிர்ச்சி பழைய கனெக்டிங் ராடில் இறங்கும். குளோ பிளக் (ஸ்டார்ட் செய்யும் முன் உள்ளே சூடேற்றும் பிளக்) உள்ள டீசல் வண்டியில் காற்று வரும் வழியிலேயே தீப்பிடித்து வெடிக்கலாம்.

பெட்ரோலில் எத்தனால் இருந்தால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். பாதி காலியான டேங்கின் சுவரில் வியர்க்கும் தண்ணீரும் அதோடு சேர்ந்து அடியில் தங்கும். உறைந்தால் கடுகளவு பனிக்கட்டியே கார்புரேட்டர் ஜெட்டை, அதாவது பெட்ரோல் வரும் சிறு துளையை, அடைத்துவிடும். கோடையில் வாங்கி வைத்த பெட்ரோலைப் பனிக்காலத்துக்கு ஓட்டுவதும் தப்பு. குளிர் நாடுகளில் பனிக்கால பெட்ரோலை எளிதில் ஆவியாகும்படி தயாரிக்கிறார்கள், காலையில் பிடித்துக்கொள்வதற்கு அதுவே பாதிக் காரணம். டீசலுக்கும் இதே கதைதான்: கோடை டீசலில் உள்ள மெழுகு குளிரில் திரண்டு ஃபில்டரை மூடிவிடும்.

இன்னொரு வேடிக்கை உண்டு. கார்புரேட்டருக்குள் பனி கட்டுவது கடுங்குளிரில் அவ்வளவாக நடக்காது. உறைநிலையை ஒட்டியும் அதற்குச் சற்று மேலேயும், காற்றில் ஈரம் நிறைந்த நாளில்தான் அது அதிகம். பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள சூட்டை இழுத்துக்கொள்வதால் காற்றின் ஈரம் உள்ளே உறைகிறது. இன்ஜின் கால் மணி நேரம் ஓடி இருமி நிற்கும், பத்து நிமிடம் சும்மா விட்டால் ஒன்றுமே நடக்காதது போல எடுக்கும். இந்த அறிகுறி இருந்தால் கார்புரேட்டரைப் பிரிக்காதீர்கள். இன்ஜினின் சூடான காற்று அந்தப் பக்கம் வரும்படி ஒரு தகடு வைத்தால் போதும்.

ஒருமுறை பனியை அள்ளி வீசும் ஸ்னோ புளோயரை வண்டியில் மாட்டிப் பனி தள்ளிக்கொண்டிருந்தேன். எதிர்காற்று, வீசிய பனியெல்லாம் இன்ஜின் மேலேயே திரும்பி விழுந்துகொண்டிருந்தது. திடீரென்று இன்ஜின் அலற ஆரம்பித்தது. திராட்டிலைக் குறைத்தேன், கேட்கவில்லை. சாவியை அணைத்துவிட்டு மூடியைத் தூக்கினால், கவர்னர் கம்பியும் அதன் ஸ்பிரிங்கும் கண்ணாடி போன்ற பனிக்கட்டிக்குள் இருந்தன. சூட்டில் உருகிய பனி கம்பியில் வடிந்து, காற்றில் மறுபடி உறைந்திருக்கிறது. இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கை அப்படியே விறைத்துப்போனால் கனெக்டிங் ராட் உடைய எத்தனை நேரம் ஆகும்? அன்றிலிருந்து அந்தப் பக்கம் ஒரு தகட்டு மறைப்பு இல்லாமல் நான் பனிக்குள் இறங்குவதில்லை.

கியர் பெட்டியை யாரும் நினைப்பதில்லை. கியர் நெம்புகோலின் ரப்பர் உறை வெடித்திருந்தால் வருடக்கணக்கான மழை உள்ளே இறங்கியிருக்கும். ஆயிலைவிட எடை அதிகம் என்பதால் தண்ணீர் அடியில் போய் உட்காரும். பனிக்கு முன்பே வடிகால் போல்ட்டை மெல்லத் தளர்த்துங்கள். முதலில் தண்ணீர் வந்தால் பிழைத்தீர்கள், முழுக்க வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றலாம். பனி வந்தபின் திறந்து, போல்ட் கையோடு வந்தும் ஒரு சொட்டுகூட விழவில்லை என்றால் அடியில் இருப்பது பனிக்கட்டி. அந்த நிலையில் வண்டியை நகர்த்தினால் பற்சக்கரம் போகும், பெட்டியே வெடித்தாலும் ஆச்சரியமில்லை.

டயரில் காற்றைக் கோடையில் பார்த்ததோடு விட்டுவிடாதீர்கள். பத்து பிஎஸ்ஐ-யில் ஓடும் டயரில், பன்னிரண்டு டிகிரி செல்சியஸ் இறங்கினால் சுமார் 1 பிஎஸ்ஐ குறையும், அதற்கு அது பெரிய கணக்கு. எடைக்காக டயருக்குள் வெறும் தண்ணீர் நிரப்புவது வேண்டாம். புளோயரின் ஷியர் பின் உடைந்தால் கையில் கிடைத்த கெட்டி போல்ட்டைச் செருகாதீர்கள், உடைவதற்கென்றே செய்த பின் அது. அது உடையாவிட்டால் கியர் பெட்டி உடையும். தார்ப்பாயை வண்டியைச் சுற்றித் தரைவரை இறுக்கி மூடினால் உள்ளே வியர்த்து நனையும், அடியில் காற்றுப் போக இடம் விடுங்கள். கொட்டகைக்குள் இன்ஜினைச் சூடேற்றுவது மட்டும் கூடவே கூடாது. கதவு பாதி திறந்திருந்தாலும் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வாசனையும் கிடையாது.

வேலை முடிந்ததும் உடனே அணைக்காமல் புளோயரை ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிட்டு, உள்ளே ஒட்டியிருக்கும் பனியை வெளியே தள்ளுங்கள். பெல்ட்டையும் கப்பியையும் தட்டிவிடுங்கள். ஈரமான பிரேக்கை இழுத்துப் பூட்டிவிட்டுப் போனால் மறுநாள் அது அப்படியே உறைந்து பிடித்திருக்கும். நான் பிரேக்கைத் தளர்த்திவிட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் ஒரு கட்டையை வைத்துவிட்டு வந்துவிடுவேன்.