ஜூரா வெள்ளை ஒயினும் கொம்தே சீஸும்: முதல் முறை ருசிப்பவர்களுக்குச் செய்முறை விளக்கம்

பிரெஞ்சு ஒயின் என்றதும் போர்தோ, பர்கண்டி, ஷாம்பேன் என்று மூன்று பெயரோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பர்கண்டிக்குக் கிழக்கே, சுவிட்சர்லாந்து எல்லைக்குப் போகும் வழியில் ஜூரா என்ற மலைப்பகுதி இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் 20,000 ஹெக்டேர் அளவுக்குத் திராட்சை பயிரான இடம், ஃபிலாக்சரா பூச்சி வந்து அழித்த பிறகு இப்போது சுமார் 2,000 ஹெக்டேர்தான். அந்தச் சின்ன இடத்தில் உலகில் வேறெங்கும் கிடைக்காத ஒரு வெள்ளை ஒயின் செய்கிறார்கள், அதன் மணத்தைப் பிடிக்கத் தமிழ் வீட்டுச் சமையலறையில் பழகிய மூக்குதான் சரியான மூக்கு என்பது என் உறுதியான எண்ணம். ஏன் என்று கீழே வரும்.

ஒயின் பற்றி எதுவும் தெரியாது என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

படி 1: ஏடு கட்டியதா, கட்டாததா?

ஜூராவில் இதை மட்டும் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

எந்த ஊரிலும் ஒயினை மரப் பீப்பாயில் வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக் குறையும். குறைந்த இடத்தில் காற்று புகுந்து ஒயின் கெட்டுவிடாமல் இருக்க, மேலே மேலே ஊற்றி நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். இப்படி நிரப்பி வளர்த்த ஒயினை ஜூராவில் 'ஊயே' என்கிறார்கள். பளிச்சென்று, பழ மணத்தோடு, எலுமிச்சைப் புளிப்போடு இருக்கும்.

இன்னொரு முறையில் பீப்பாயை நிரப்பவே மாட்டார்கள். 228 லிட்டர் பீப்பாயில் ஒயின் குறையக் குறைய, மேற்பரப்பில் ஈஸ்ட் தானாகவே படர்ந்து, காய்ச்சிய பாலில் ஏடு படிவது போல ஒரு மெல்லிய படலம் கட்டும். இந்தப் படலத்துக்கு 'வுவால்' என்றும், இந்த முறைக்கு 'சூ வுவால்' என்றும் பெயர். அந்த ஏடு ஒயினுக்கும் காற்றுக்கும் நடுவில் நின்று, ஒயின் வினிகராகாமல் காக்கிறது. அதே சமயம் காற்றை மிக மெதுவாக உள்ளே விடவும் செய்கிறது. கோடையில் ஏடு தடித்து வளரும், குளிரில் அடங்கும். அதனால்தான் சூடு, குளிர் இரண்டும் மாறி மாறி வரும் நிலவறைகளை இதற்கு விரும்புகிறார்கள். மற்ற ஊர்க்காரர்கள் ஒரே சீரான வெப்பநிலைக்காகப் பாடுபடும்போது இங்கே நேர் எதிர்.

இப்படி வருடக்கணக்கில் ஏட்டுக்கடியில் கிடக்கும்போது சோட்டோலோன் என்ற சேர்மம் உருவாகிறது. நம் வெந்தயத்துக்கு அந்த மணத்தைக் கொடுப்பதும் இதே சோட்டோலோன்தான். வெந்தயத்தை வறுக்கும்போது அடுப்பிலிருந்து எழும் வாசனையை நினைத்துக்கொள்ளுங்கள், கிளாஸில் மூக்கை வைத்ததும் அது வரும். கூடவே வால்நட், காய்ந்த ஆப்பிள். ஐரோப்பியர்கள் இதைக் 'கறித்தூள் வாசனை' என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். நமக்கோ பொடியில் எந்தச் சாமான் என்றே சொல்ல முடியும்.

படி 2: லேபிளைப் படிப்பது

வெள்ளையில் இரண்டே திராட்சை: ஷார்டொனே, சவன்யான். ஷார்டொனே பர்கண்டியில் இருப்பதுதான், இங்கேயும் நிறையப் பயிராகிறது. சவன்யான்தான் ஜூராவின் சொந்தப் பிள்ளை. தோல் தடித்தது, தாமதமாகப் பறிப்பது, புளிப்பு அதிகம்.

லேபிளில் ஊர்ப்பெயராக ஆர்புவா, கோத் து ஜூரா, எத்துவால், ஷாத்தோ-ஷாலோன் என்ற நான்கில் ஒன்று இருக்கும். இதில் ஆர்புவா 1936இல், பிரான்ஸில் சட்டப்படி ஊர்ப்பெயர் உரிமை கொடுக்க ஆரம்பித்தபோதே முதல் வரிசையில் பெற்ற ஊர். எத்துவால் கிராமத்துத் தோட்ட மண்ணில், கடல் உயிரிகளின் ஐந்து முனை நட்சத்திரப் புதைபடிவங்கள் சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாகக் கிடக்கும். அங்கே போனால் குனிந்து பாருங்கள்.

ஏடு கட்டியதா இல்லையா என்று லேபிளில் எப்போதும் தெளிவாக எழுதியிருக்காது, புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். 'ஊயே' அல்லது 'ஃப்ளோரல்' என்றிருந்தால் ஏடு கட்டாதது. 'ட்ரடிசியோன்' என்றிருந்தால் பெரும்பாலும் ஏட்டின் மணம் உள்ளது, ஷார்டொனேயும் சவன்யானும் கலந்ததாக இருக்கலாம். ஒன்றும் இல்லையென்றால் கடைக்காரரிடம் "ஊயே? வுவால்?" என்று இரண்டே வார்த்தையில் கேட்டுவிடுங்கள், அவருக்குப் புரியும்.

அப்புறம் புட்டியே காட்டிக்கொடுக்கும் ஒன்று உண்டு. குட்டையாக, அகன்ற தோளோடு, 62 சென்டிலிட்டர் பிடிக்கும் புட்டி. அதன் பெயர் கிளாவ்லான், உள்ளே இருப்பது வான் ஜோன், அதாவது ஜூராவின் மஞ்சள் ஒயின். சவன்யான் மட்டுமே சேர்க்கலாம். அறுவடைக்குப் பிறகு ஆறாவது வருட டிசம்பர் வரை வைத்திருக்க வேண்டும், அதில் 60 மாதமாவது ஏட்டுக்கடியில். ஒரு லிட்டர் ஊற்றினால் அத்தனை வருடம் கழித்து மிஞ்சுவது 62 சென்டிலிட்டர் என்பதுதான் அந்த விசித்திர அளவுக்கு ஊரார் சொல்லும் கணக்கு.

ஷாத்தோ-ஷாலோன் பெயரில் வான் ஜோன் மட்டும்தான் வரும். அறுவடைக்கு முன்னால் ஒரு குழு தோட்டம் தோட்டமாகப் போய்ப் பார்க்கும். 1974, 1980, 1984, 2001 ஆகிய வருடங்களில் திராட்சை தரமில்லை என்று ஊரே சேர்ந்து அந்தப் பெயரில் ஒயின் போடாமல் விட்டுவிட்டது. ஒரு வருட வருமானத்தைவிட ஊர்ப்பெயர் பெரிது என்று நினைத்தவர்கள், அதனால் விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் எனக்கு அந்தப் புட்டி மேல் தனி மரியாதை.

படி 3: முதல் முறை எந்த வரிசையில் ருசிப்பது

நேராக வான் ஜோன் வாங்கித் திறக்க வேண்டாம். 35 யூரோ, அதற்கு மேலும் கொடுத்து வாங்கி, முதல் வாயிலேயே "இது கெட்டுப்போன ஒயின்" என்று முடிவு கட்டியவர்கள் ஏராளம். ஒயின் கெடவில்லை, நாக்கு தயாராகவில்லை.

மூன்று நண்பர்கள் சேர்ந்து ஆளுக்கொரு புட்டி வாங்குங்கள். முதலில் ஷார்டொனே ஊயே, 10 முதல் 12 டிகிரி குளிரில். அப்புறம் சவன்யான் ஊயே, புளிப்பு எவ்வளவு ஏறுகிறது என்று கவனியுங்கள். மூன்றாவதாகத்தான் ஏடு கட்டிய சவன்யான். இது வான் ஜோனின் தம்பி, குறைந்த வருடம் வைத்தது, விலையும் பாதிக்குப் பக்கம். இதை முதலில் குடிக்காமல் முகர மட்டும் செய்யுங்கள். ஒரு கிண்ணத்தில் நாலு வெந்தயத்தை வறுத்து வைத்துக்கொண்டு மாறி மாறி முகர்ந்தால் எந்த விளக்கமும் தேவைப்படாது.

இந்த மூன்றும் பிடித்துப்போன பிறகு வான் ஜோன். அதைக் குளிர வைத்தால் மணம் வராது, 14 முதல் 16 டிகிரியில், சில மணி நேரம் முன்னாலேயே திறந்து வையுங்கள். கிளாஸில் விரல் உயரம் போதும், கூடவே கட்டாயம் சாப்பிட ஏதாவது இருக்க வேண்டும். இந்த ஒயினைத் தனியாகக் குடிப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை.

படி 4: கொம்தே

ஒயின் எந்த மலையிலோ அந்த மலைப் பால்தான் கொம்தேயும். மோன்பெலியார்ட், சிமென்டால் என்ற இரண்டு இன மாடுகளின் பால் மட்டும், காய்ச்சாத பச்சைப் பாலாக, 'ஃப்ருய்த்தியேர்' என்ற ஊர்ப் பால் கூட்டுறவுகளுக்கு வந்து சேரும். 40 கிலோ சக்கரம் ஒன்றுக்கு சுமார் 400 லிட்டர் பால் பிடிக்கும். குறைந்தது 4 மாதம் பழுக்க வைக்க வேண்டும், நல்லவற்றை 18, 24 மாதம் வரை வைக்கிறார்கள்.

கடையில் கேட்க வேண்டிய கேள்வி மாதம் எவ்வளவு என்பதே. 6, 8 மாதம் என்றால் வெண்ணெய்போல மென்மை, ஷார்டொனேக்குச் சரி. 18 மாதத்துக்கு மேல் என்றால் உள்ளே வெள்ளை வெள்ளையாகச் சின்னப் படிகங்கள் பல்லில் நறநறக்கும். உப்பு என்று பலர் நினைப்பார்கள், அது டைரோசின் என்ற அமினோ அமிலம். வான் ஜோனுக்கு வேண்டியது இந்த முதிர்ந்த கொம்தேதான். வெட்டின பக்கத்தின் நிறத்தையும் பாருங்கள். நல்ல மஞ்சளாக இருந்தால் கோடையில் பச்சைப் புல் மேய்ந்த மாட்டின் பால், தந்த நிறமாக வெளுத்திருந்தால் குளிர்காலத்தில் உலர்த்திய புல் தின்றது.

பிரிட்ஜிலிருந்து எடுத்து ஒரு மணி நேரம் வெளியே வையுங்கள். ஒரு துண்டு கொம்தே, பாதி வால்நட், மென்று விழுங்குவதற்கு முன்பே ஒரு மிடறு வான் ஜோன். சீஸின் உப்பும் கொழுப்பும் ஒயினின் புளிப்பைத் தணித்துவிடும், வால்நட்டின் துவர்ப்பு ஒயினிலேயே இருக்கும் வால்நட் மணத்தைத் தூக்கிக்கொடுக்கும், விழுங்கிய பிறகும் அந்த ருசி நாக்கில் வெகுநேரம் நிற்கும்.

சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொம்தேயை உறைய வைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்.

படி 5: வான் ஜோன் கோழி

ஜூராவில் விருந்து என்றால் இதுதான். பக்கத்துப் பகுதியான ப்ரெஸ் கோழிக்குப் பெயர் பெற்றது, 1957இலேயே சட்டப் பாதுகாப்பு பெற்ற கோழி அது. கிடைக்காவிட்டால் நல்ல நாட்டுக்கோழி போதும், வேகும் நேரம் மட்டும் கூடும். நான்கு பேருக்கு:

ஒன்றரைக் கிலோ கோழி, பெரிய துண்டுகளாக. உலர்ந்த மோரல் காளான் 30 கிராம் (காஷ்மீரில் குச்சி என்ற பெயரில் விற்பது இந்த வகைதான்). வெண்ணெய், நாலைந்து சின்ன வெங்காயம், ஒரு மேசைக்கரண்டி மைதா, 20 சென்டிலிட்டர் ஒயின், 30 சென்டிலிட்டர் கெட்டியான க்ரீம்.

காளானை வெதுவெதுப்பான நீரில் அரை மணி ஊறப்போடுங்கள். அதன் குழிகளில் மண் நிறைய இருக்கும், எனவே நன்றாக அலசுங்கள். ஊறிய நீரைக் கொட்டாமல் துணியில் வடிகட்டி வையுங்கள். மோரலைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிடவே கூடாது, நஞ்சு. கோழியோடு சேர்த்து முழு நேரமும் வேக விடுங்கள்.

கோழியில் உப்பு, மிளகு தடவி வெண்ணெயில் லேசாகப் பொன்னிறமாகும்வரை மட்டும் வதக்குங்கள். நம் பழக்கத்தில் நன்றாகச் சிவக்க விட்டால் குழம்பு பழுப்பாகிவிடும், இது வெளிர் மஞ்சளாக வர வேண்டும். வெங்காயம், மைதா சேர்த்துப் புரட்டி, ஒயினை ஊற்றிக் கொதி வந்ததும் காளானும் காளான் நீரும் சேர்த்து மூடி, சிறு தீயில் 40 நிமிடம். கடைசியில் க்ரீம் ஊற்றி மூடாமல் பத்து நிமிடம் சுண்ட விடுங்கள். இறக்கிய பிறகு இரண்டு கரண்டி ஒயினைப் பச்சையாக ஊற்றிக் கலக்குங்கள். கொதியில் மணத்தின் பெரும்பகுதி போய்விடுவதால் இந்தக் கடைசிக் கரண்டிகள்தான் சாப்பாட்டு மேசையில் வாசனை கொடுப்பது, விட்டுவிடாதீர்கள்.

சமைக்க ஏடு கட்டிய சாதாரண சவன்யான் போதும். வான் ஜோனை அந்தக் கடைசி இரண்டு கரண்டிக்கும் கிளாஸுக்கும் வையுங்கள். வெள்ளைச் சோறோடு பிரமாதமாக இருக்கும், அங்கேயும் சோறோடு பரிமாறுவது உண்டு.

படி 6: குளிர்காலம் என்றால் மோன் தோர்

செப்டம்பர் 10 முதல் மே 10 வரை மட்டும் விற்கும் சீஸ், ஸ்ப்ரூஸ் மரப்பட்டை சுற்றி வட்ட மரப்பெட்டியில் வரும். மூடியை எடுத்து, பெட்டியை அலுமினியத் தாளில் சுற்றி, நடுவில் குழி தோண்டிப் பூண்டும் கொஞ்சம் ஜூரா வெள்ளை ஒயினும் விட்டு, 180 டிகிரி அவனில் அரை மணி. வேகவைத்த உருளைக்கிழங்கின் மேல் கரண்டியால் எடுத்து ஊற்றிச் சாப்பிடுவதுதான், வேறு வேலையே இல்லை. மாமிசம் சாப்பிடுபவர்கள் புகைபோட்ட மோர்த்தோ சாசேஜையும் சேர்த்துக்கொள்ளலாம்.

படி 7: நேரில் போவதென்றால்

பாரிஸில் இருப்பவர்களுக்கு இது எளிது. பாரிஸிலேயே இருக்கும் 'கார் து லியோன்' ரயில் நிலையத்தில் அதிவேக ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் 'தோல்' என்ற நகரம், அங்கிருந்து உள்ளூர் ரயிலில் ஆர்புவா. நிலையத்திலிருந்து ஊருக்குள் நடந்தே போகலாம். ஒயின் செய்பவர்களின் கடைகள் ஊர் நடுவிலேயே வரிசையாக இருப்பதால் வண்டி தேவையில்லை. லூயி பாஸ்டர் வளர்ந்த ஊர் இது, அவர் வீடு இப்போது அருங்காட்சியகம். 1874இல் அவர் வாங்கிய திராட்சைத் தோட்டமும் ஊருக்கு வெளியே இருக்கிறது. அடுத்த சில நிமிட ரயிலில் போலின்யி, கொம்தேயின் தலைநகரம். ஷாத்தோ-ஷாலோன் குன்றின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் கிராமம், அதற்கு மட்டும் வண்டி வேண்டும்.

கடைக்குள் நுழைந்ததும் முதலில் "போன்ஜூர்", இது இல்லாமல் பிரான்ஸில் எந்தப் பேச்சும் நல்லபடி தொடங்காது. சின்னத் தோட்டக்காரர்களிடம் முன்கூட்டியே நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். சிவப்பு ஒயினை முதலில் ஊற்றி வெள்ளையைப் பிறகு ஊற்றினால் ஆச்சரியப்பட வேண்டாம், ஜூராவில் சிவப்பு மெல்லியது, வெள்ளைதான் வலுவானது. ஆறேழு ஒயினை ருசித்துவிட்டுத் துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருப்பார்கள், கூச்சப்படாமல் துப்புங்கள், அங்கே அது மரியாதைக் குறைவே கிடையாது. வண்டி ஓட்டுபவர் கட்டாயம் துப்ப வேண்டும். சட்ட வரம்பு ஒரு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம், புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு 0.2.

படி 8: மிச்சத்தை என்ன செய்வது

மற்ற வெள்ளை ஒயின் திறந்தால் இரண்டு மூன்று நாளில் முடித்துவிட வேண்டும். வான் ஜோன் காற்றோடு பல வருடம் பழகியது, கார்க்கைத் திருப்பி அடைத்து நிமிர்த்தி வைத்தால் வாரக்கணக்கில் நிற்கும். திறக்காத புட்டியின் ஆயுள் இன்னும் நீளம், 1774இல் செய்த புட்டி ஒன்று 2018இல் லோன்-லெ-சோனியே நகரில் ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் ஏலம் போனது. அதனால் ஒரே இரவில் தீர்த்துவிட அவசரப்படாமல் வாரம் ஒரு முறை ஒரு துண்டு கொம்தேயோடு விரல் உயரம் ஊற்றிக்கொள்ளுங்கள். மணம் மங்கிவிட்டது என்று தோன்றும்போது மீதியைக் காளான் வதக்கலிலோ க்ரீம் சேர்த்த கோழியிலோ ஊற்றிவிடலாம்.