மூச்சு முட்டுபவரை விசாரிக்கும்போது நாம் விடும் பிழைகள்

திருகோணமலையில் பிரட்றிக் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் என் பெரியம்மா இரண்டு மூன்று இடங்களில் நின்று, மரநிழலில் மேயும் மான்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு மான் என்றால் அவ்வளவு விருப்பம் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். அடுத்த வருடம், "நீங்கள் கும்பிட்டுட்டு வாங்கோ பிள்ளையள், நான் கீழே இருக்கிறன்" என்றார். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று வைத்தியர் சொன்ன பிறகே, அவர் மூச்சு வாங்கத்தான் நின்றார் என்பது எங்களுக்கு விளங்கியது. அதுவரை யார் கேட்டாலும் தனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்றே சொல்லிவந்தார். அது பொய்யுமல்ல, மூச்சு முட்டும் வேலைகளை ஒவ்வொன்றாகக் கைவிட்டிருந்ததால் முட்டு வரவில்லை.

ஆகவே "சுகமா?" என்று கேட்பதோடு நிறுத்திவிடக் கூடாது. முன்பு செய்த எந்த வேலையை இப்போது விட்டுவிட்டீர்கள் என்று கேட்க வேண்டும். கிணற்றில் அள்ளிக் குளிப்பது, தேங்காய் துருவுவது, சந்தைக்குப் போய்வருவது என்று பெயர் சொல்லிக் கேட்டால்தான் பதில் வரும். வைத்தியர்கள் மூச்சுத்திணறலை 0 முதல் 4 வரை வகுக்கும் அளவுகோலும் இப்படித்தான் கேட்கிறது: சமதரையில் ஏறத்தாழ 100 மீற்றர் நடந்ததும் நிற்க நேர்ந்தால் 3, உடுப்பு மாற்றவே மூச்சு வாங்கினால் 4.

விரலில் மாட்டும் கருவி ஒட்சிசன் 97 என்று காட்டுவதைக் கண்டு, "பயத்தில் சொல்கிறார்" என்று முடிவு கட்டுவதும் பிழை. ஒட்சிசன் சரியாக இருக்கும்போதே மூச்சு முட்டலாம். சிகரெட் பிடிக்காதவருக்கு இந்நோய் வராது என்று எண்ணுவதும் அப்படியே. பல வருடங்கள் விறகடுப்புப் புகையில் சமைத்த பெண்களுக்கும் இது வருகிறது.

அதிகம் கவனிக்க வேண்டியது இன்ஹேலர் விடயத்தைத்தான். "ஒழுங்காக எடுக்கிறீர்களா?" என்று அதட்டினால் எல்லோரும் ஓம் என்றே சொல்வார்கள், அதைவிட, "எடுத்துக் காட்டுங்கோ" என்று பொறுமையாகக் கேட்டுப் பாருங்கள். மூச்சை வெளியே விடாமலே அழுத்துபவர், அழுத்திய பிறகு உள்ளிழுப்பவர், பத்து வினாடியாவது மூச்சை அடக்காதவர் எனப் பலரையும் காணலாம். கருவியில் இட்டு உறிஞ்ச வேண்டிய, தூள் அடைத்த கூட்டுமாத்திரையை (கப்சியூலை) தண்ணீரோடு விழுங்குபவரும் உண்டு. நாள்தோறும் எடுக்க வேண்டிய ஸ்டீரொயிட் இன்ஹேலரை, சுகமாக இருக்கிறதென்று நிறுத்திவிடுபவர்களைச் சோம்பேறிகள் என்று ஏசக் கூடாது. மருந்து பழகிவிடும் என்ற பயமும், இன்ஹேலர் கடைசிக் கட்டத்துக்கு உரியது என்ற அயலாரின் பேச்சுமே பெரும்பாலும் அதற்குக் காரணம். அந்தப் பயத்தைக் கேட்டறியாமல் சொல்லும் அறிவுரை அவர்கள் காதில் ஏறாது.

இருமலைப் பற்றி விசாரிக்கும்போது குரலைத் தாழ்த்துங்கள். பஸ்ஸில் இருமினால் காசநோய் என்று விலகி அமர்வார்கள் எனக் கூசியே பலர் வெளியே போவதில்லை.

கிளினிக்கில் நோயாளியைக் கேட்ட கேள்விக்கு மகனோ மகளோ பதில் சொல்வதும் நல்லெண்ணத்தில் விடும் பிழையே. நானும் அதைச் செய்திருக்கிறேன். பெரியம்மா ஒரு வசனத்தை மூன்று மூச்சில் சொல்லி முடிப்பார். இடைவெளி வந்ததும் நான் புகுந்துவிடுவேன். படுத்தால் மூச்சு நின்றுவிடுமோ என்று பயந்து இரவெல்லாம் கதிரையில் இருப்பதை அவர் வைத்தியரிடம் முதன்முதலாகச் சொன்னது, நான் வாய் திறக்காதிருந்த ஒரு கிளினிக் நாளில்தான்.