எஸ்எம்பிஎஸ்-ஸில் 24 இருந்தது, ஆம்ப்ளிஃபயரில் இல்லை

எங்கள் விஎம்சி மெஷினில் (கணினி ஓட்டும் மில்லிங் இயந்திரம்) எமர்ஜென்சி ஸ்டாப் பட்டனை விடுவித்ததும் ‘கன்ட்ரோல் வோல்டேஜ் குறைவு’ என்று சர்வோ (அச்சுகளை நகர்த்தும் மோட்டார்) அலாரம் வரும். ஆஃப் செய்து போட்டால் சில நேரம் ஓடும், சில நேரம் ஓடாது. அந்த மோட்டார்களை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர் போய்விட்டது, மாற்றுங்கள் என்றார்கள். விலையைக் கேட்டதும் முதலாளி என்னைப் பார்த்தார்.

சரி, அளந்துதான் பார்ப்போமே என்று மீட்டரை எடுத்தேன். 24 வோல்ட் தரும் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்-ஸில் 24.1 வோல்ட், குறையே இல்லை. ஆனால் ஆம்ப்ளிஃபயரின் 24 வோல்ட் கனெக்டரிலேயே மீட்டரை வைத்துக்கொண்டு எமர்ஜென்சியை விடுவிக்கச் சொன்னேன். மெஷின் தலை கீழே இறங்காமல் பிடிக்கும் இசட் ஆக்சிஸ் பிரேக் ‘டக்’ என்று விட்ட அதே நொடியில் 20.6-க்கு இறங்கியது. பத்து சதவீதக் குறை வரை, அதாவது 21.6 வரைதான் ஆம்ப்ளிஃபயர் தாங்கும். பிரேக் காயிலும் இதே சப்ளையில்தான் இருக்கிறது. லோடு ஏறும்போதுதான் குறை தெரிகிறது. சும்மா நிற்கும்போது அளந்திருந்தால் நானும் ஏமாந்திருப்பேன்.

பவரை அணைத்து, வழியில் இருந்த டெர்மினல்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். பூஜ்ய வோல்ட் ஒயர் (சப்ளைக்கு மின்னோட்டம் திரும்பும் ஒயர்) ஒன்று கையோடு வந்தது. நுனியில் பச்சையாகக் களிம்பு, கூலன்ட் ஆவியின் வேலை. பேனல் கதவு ரப்பர் கிழிந்து எத்தனை மாதமோ! நுனியை வெட்டி, புது லக் (ஒயர் நுனியில் மாட்டும் உலோக முனை) அடித்து இறுக்கினேன். இப்போது பிரேக் விட்டாலும் 23.8.

ரப்பர் இன்னும் வாங்கித் தரவில்லை.