அந்நியபாஷை: மாறுபட்ட கருத்துடையோர் ஒரே வேதபாடக் குழுவில் அமர்ந்து படிப்பது எப்படி?

கணவர் சி.எஸ்.ஐ. ஆராதனைக்கும் மனைவி பெந்தெகொஸ்தே சபைக்கும் செல்லும் குடும்பங்கள் இன்று நம்மிடையே அரிதல்ல. இத்தகையவர்கள் சேர்ந்து அமரும் வேதபாடக் குழுவில் அந்நியபாஷையைக் குறித்து, அதாவது ஆவியின் ஏவுதலால் தாம் கற்றறியாத சொற்களில் பேசும் வரத்தைக் குறித்து, பேச்சு எழுந்தால், அது பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே "உண்டா, இல்லையா" என்ற வழக்காக மாறிவிடுகிறது. அப்படியொரு குழுவை நடத்தும் பொறுப்பில் உள்ளவருக்காகவே இக்குறிப்புகள். எல்லாரையும் ஒரே கருத்துக்குக் கொண்டுவருவதை இலக்காக வைக்க வேண்டாம். எதிர்த்தரப்பினர் "ஆம், நாங்கள் சொல்வது இதுதான்" என்று ஒப்புக்கொள்ளும் அளவுக்கு அவர்களுடைய கருத்தை ஒவ்வொருவரும் எடுத்துச்சொல்லப் பழகினால் போதும்.

முதல் வேலை கேள்வியைப் பிரிப்பது. புதிய ஏற்பாட்டுக் காலத்தில் பேசப்பட்டது மனிதருடைய மொழியா, வேறொன்றா என்பது ஒரு கேள்வி. அந்த வரம் இன்றும் கொடுக்கப்படுகிறதா என்பது இரண்டாவது. ஆவியின் அபிஷேகம் பெற்ற ஒவ்வொருவரிடமும் அது அடையாளமாக வெளிப்பட வேண்டுமா என்பது மூன்றாவது. சபை கூடும்போது அதை எப்படிப் பயன்படுத்துவது என்பது நான்காவது. ஒன்றுக்கு ஒருவர் தரும் விடையிலிருந்து மற்றவற்றுக்கான விடையை ஊகித்துவிட முடியாது. அசெம்பிளிஸ் ஆஃப் காட் என்னும் பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவரும் கத்தோலிக்க அருங்கொடை இயக்கத்தைச் சேர்ந்தவரும் இரண்டாம் கேள்வியில் ஒத்துப்போவார்கள். மூன்றாம் கேள்வியில் பிரிந்துவிடுவார்கள். ஆகவே முதல் கூடுகையிலேயே இந்த நான்குக்கும் அவரவர் விடையைத் தனித்தனியே எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தம் எண்ணத்திலேயே எவ்வளவு தெளிவின்மை இருக்கிறது என்பதைப் பலர் அப்போதுதான் உணர்வார்கள்.

படிக்கும் வரிசையிலும் கவனம் வேண்டும். பலரும் அப்போஸ்தலர் நடபடிகள் இரண்டாம் அதிகாரத்தில் தொடங்குவார்கள்; 1 கொரிந்தியர் பதினான்காம் அதிகாரத்தில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. நடபடிகள் நடந்ததைச் சொல்லும் நூல். கொரிந்தியர் நிருபமோ இதே விஷயத்தில் குழம்பிப்போயிருந்த ஒரு சபைக்கு நேரடியாகக் கொடுக்கப்பட்ட ஒழுங்கு. அதைவிட முக்கியமான காரணம், அந்த அதிகாரம் எந்தத் தரப்பையும் சும்மா விடுவதில்லை என்பதுதான். அந்நியபாஷையில் பேசுவோர் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர் என்றும், ஒருவர்பின் ஒருவராகப் பேச வேண்டும் என்றும், அர்த்தம் சொல்பவர் இல்லையென்றால் சபையில் மௌனமாயிருக்க வேண்டும் என்றும் 27, 28ஆம் வசனங்கள் கட்டளையிடுகின்றன. ஒலிபெருக்கியின் முன் எல்லாரும் ஒரே நேரத்தில் உரத்துப் பேசும் கூட்டங்கள் இதற்கு விடை சொல்லியாக வேண்டும். மறுபுறம், அந்நியபாஷை பேசுவதைத் தடைபண்ணாதிருங்கள் என்று 39ஆம் வசனம் சொல்கிறது. அடியோடு தடைசெய்யும் சபைகள் இதற்கு விடை சொல்லியாக வேண்டும்.

இரு தரப்பிடமும் விடை உண்டு என்பதால் அவற்றைப் பொறுமையாகக் கேளுங்கள். சபைக்கு அறிவிக்கப்படும் செய்திக்குத்தான் அர்த்தம் சொல்பவர் தேவை என்றும், 2, 14ஆம் வசனங்களில் காணும் தேவனை நோக்கிய ஜெபத்துக்கு அந்த விதி பொருந்தாது என்றும் பெந்தெகொஸ்தே போதகர்கள் விளக்குவார்கள். வரம் வழக்கத்தில் இருந்த காலத்துக்கே 39ஆம் வசனம் உரியது என்று, அது ஓய்ந்துவிட்டதாக நம்புவோர் விளக்குவார்கள். பவுல் தாம் எல்லாரையும்விட அதிகமாகப் பாஷைகளைப் பேசுவதாக 18ஆம் வசனத்தில் சொல்லிவிட்டு, சபையிலோ பதினாயிரம் வார்த்தைகளைவிடக் கருத்தோடு பேசும் ஐந்து வார்த்தைகளே மேல் என்று அடுத்த வசனத்தில் சொல்கிறார். இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். தமக்கு வசதியான ஒன்றை மட்டும் மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் இரு தரப்பிலும் உண்டு.

அடுத்த கூடுகையில் நடபடிகளுக்குச் செல்லலாம். இரண்டாம் அதிகாரத்தில் எருசலேமில் கேட்டவர்கள் தத்தம் சொந்த மொழியைக் கேட்டார்கள். எட்டாம் அதிகாரத்தில் சமாரியர் ஆவியைப் பெற்றபோது அந்நியபாஷை குறிப்பிடப்படவில்லை. ஆனாலும் மாயவித்தைக்காரனான சீமோன் எதையோ கண்டு, பணம் கொடுத்து அந்த அதிகாரத்தை வாங்க முன்வருகிறான். பத்தாம் அதிகாரத்தில் கொர்நேலியுவின் வீட்டாரும், பத்தொன்பதாம் அதிகாரத்தில் எபேசுவில் ஏறக்குறைய பன்னிரண்டு பேரும் பேசுகிறார்கள். இதை எல்லாக் காலத்துக்குமான மாதிரியாகப் பெந்தெகொஸ்தேயினர் கொள்கிறார்கள். சுவிசேஷம் யூதரிடமிருந்து சமாரியருக்கும், புறஜாதியாருக்கும், யோவானின் ஞானஸ்நானத்தை மட்டும் அறிந்திருந்தவர்களுக்கும் எல்லை கடந்த தருணங்களே இவை என்றும், அவை திரும்ப நிகழத் தேவையில்லை என்றும் மற்றவர்கள் சொல்கிறார்கள். அன்று சேர்க்கப்பட்ட மூவாயிரம் பேரும் பாஷை பேசியதாக 2:41 சொல்லவில்லை என்பதையும் அவர்கள் சுட்டுவார்கள். யாராவது மாற்கு 16:17ஐ முதற்சான்றாக எடுத்தால், சீனாய், வத்திக்கான் என்னும் நான்காம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதிகள் இரண்டிலும் அந்த அதிகாரத்தின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் இல்லை என்பதை எடுத்துச்சொல்லி, அந்த ஒரு வசனத்தின்மேல் மட்டும் எதையும் கட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கருத்துகளை எடுத்துரைக்கையில் ஒவ்வொன்றையும் அதன் பலமான வடிவில் முன்வைக்க வேண்டும். வரம் ஓய்ந்தது என்போரில் சிலர், 1 கொரிந்தியர் 13:10இல் வரும் "நிறைவானது" வேதாகமம் முழுமையடைந்ததைக் குறிக்கிறது என்பார்கள். இது அந்தத் தரப்பின் பலவீனமான வாதம். 12ஆம் வசனம் முகமுகமாய்க் காண்பதைப் பற்றிப் பேசுகிறது, சபைச் சீர்திருத்தத் தலைவரான கால்வினும் அந்த நிறைவை மறுமையோடுதான் சேர்த்து விளக்கினார். அவர்களுடைய பலமான வாதம் எபேசியர் 2:20இல் இருக்கிறது: அப்போஸ்தலரும் தீர்க்கதரிசிகளும் அஸ்திபாரம் என்றால், அஸ்திபாரம் ஒருமுறைதான் போடப்படும். 1918இல் அமெரிக்க இறையியலாளர் பி. பி. வார்ஃபீல்ட், அற்புத வரங்கள் அப்போஸ்தலரை மெய்ப்பிக்கக் கொடுக்கப்பட்டவை என்று வாதிட்டார். இப்படிப்பட்டவை தம் காலத்தில் நிகழ்வதில்லை என்று ஆதிசபைப் பிதாக்களில் ஒருவரான கிறிசோஸ்தோமும் ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஆனால் அவருக்கு முன்னே, இரண்டாம் நூற்றாண்டில், ஆவியால் பலவகை மொழிகளைப் பேசும் சகோதரர்களைப் பற்றி ஆயரான இரேனியு எழுதியிருப்பதையும் மறைக்கக் கூடாது.

பெந்தெகொஸ்தே தரப்பையும் ஒரே கட்டாகக் கட்டிவிடக் கூடாது. 1901இல் கன்சாஸ் மாநிலத்தின் டொபீகாவில் சார்லஸ் பார்ஹம் நடத்திய வேதாகமப் பள்ளியிலும், 1906இல் லாஸ் ஏஞ்சலீசின் அசூசா தெருவில் வில்லியம் சீமோர் நடத்திய கூட்டங்களிலும் இந்த இயக்கம் உருப்பெற்றது. ஊழியக்காரர்கள் மொழி கற்காமலே அந்நிய நாடுகளில் பிரசங்கிக்க இந்த வரம் உதவும் என்று பார்ஹம் நம்பினார். அந்த நம்பிக்கையோடு ஆல்ஃபிரட் கார் தம்பதியர் கல்கத்தாவுக்கு வந்தனர். தாங்கள் பேசியது அங்கே வங்காளமாகப் பயன்படவில்லை என்பதைக் கண்டும் ஊழியத்தை விட்டுவிடாமல், வரத்தைப் பற்றிய தங்கள் விளக்கத்தையே மாற்றிக்கொண்டார்கள். முதல் கேள்விக்கான விடை இயக்கத்துக்குள்ளேயே எப்படி நகர்ந்தது என்பதற்கு இது நல்ல உதாரணம். 1914இல் உருவான அசெம்பிளிஸ் ஆஃப் காட், 1916இல் தன் விசுவாச அறிக்கையில் அந்நியபாஷையை ஆவியின் ஞானஸ்நானத்துக்கு (அதாவது ஆவியின் அபிஷேகத்துக்கு) முதல் அடையாளமாக வைத்தது. "எல்லாரும் அந்நியபாஷைகளைப் பேசுகிறார்களா?" என்று 1 கொரிந்தியர் 12:30 கேட்கிறதே என்றால், அடையாளம் வேறு, சபைக்கான வரம் வேறு என்பது அவர்கள் விடை. இரட்சிப்புக்கே இது அவசியம் என்று போதிக்கும் ஒருத்துவப் பெந்தெகொஸ்தேயினர் (திரித்துவத்தை ஏற்காதவர்கள்) இவர்களிலிருந்து வேறுபட்டவர்கள். இந்த வேறுபாட்டைத் தவறவிட்டால் குழுவில் தேவையற்ற மனவருத்தம் உண்டாகும்.

இவற்றுக்கு இடையில் நிற்பவர்களுக்கும் நேரம் ஒதுக்குங்கள். கிறிஸ்தவ மிஷனரி அலையன்ஸைத் தொடங்கிய ஏ. பி. சிம்சன் வரத்தை மறுக்கவில்லை. அதுவே அடையாளம் என்பதைத்தான் மறுத்தார். 1960இல் கலிபோர்னியாவில் எபிஸ்கோப்பல் குருவான டென்னிஸ் பென்னட், 1967இல் பிட்ஸ்பர்க் நகரின் கத்தோலிக்க மாணவர்கள் என இந்த அனுபவம் பழைய சபைகளுக்குள்ளும் வந்தது. அமெரிக்காவின் தெற்கு பாப்டிஸ்டுகளின் மிஷன் வாரியம், தனிமையில் அந்நியபாஷையில் ஜெபிப்போரை மிஷனரிகளாக ஏற்பதில்லை என்று 2005இல் முடிவெடுத்து, 2015இல் அந்தத் தடையை நீக்கியது.

நம் குழுவுக்கு மிக நெருக்கமான செய்தி திருநெல்வேலியிலிருந்தே கிடைக்கிறது. 1860இல் ஜான் கிறிஸ்தியான் அருளப்பனின் ஊழியத்தில் எழுந்த உயிர்மீட்சியில், தீர்க்கதரிசனமும் அந்நியபாஷையும் வெளிப்பட்டதாக அவர் பதிவு செய்திருக்கிறார். இது அசூசாவுக்கு 46 ஆண்டுகள் முந்தியது. ஆகவே இது அமெரிக்காவிலிருந்து இறக்குமதியானது என்று ஒதுக்குவதும் எளிதல்ல. பெந்தெகொஸ்தே சபைகளுக்கே உரியது என்பதும் எளிதல்ல, ஏனெனில் அருளப்பன், ஆங்கிலேய மிஷனரியான அந்தோணி நோரிஸ் குரோவ்ஸோடு சேர்ந்து ஊழியம் செய்து, அவர் சார்ந்த பிரதரன் என்னும் சபைப் பிரிவின் வழியில் நின்றவர். அந்த வழியில் வந்த சபைகளில் பெரும்பாலானவை இன்று வரம் ஓய்ந்தது என்றே போதிக்கின்றன.

விஞ்ஞானச் சான்றைக் கொண்டுவருபவரும் இருப்பார். இன்று பேசப்படுவதில் மொழிக்குரிய கட்டமைப்பு இல்லை என்றும், பேசுவோரின் சொந்த மொழி ஒலிகளே மாறிமாறி வருகின்றன என்றும் மொழியியலாளர் வில்லியம் சாமரின் 1970களில் காட்டினார். அது முதல் கேள்விக்கு மட்டுமே பயன்படும். மனித மொழி என்று உரிமை கொண்டாடாதவரை அது பாதிக்காது. 2006இல் வெளியான மூளை ஆய்வாளர் ஆண்ட்ரூ நியூபர்க்கின் ஆய்வு, ஐந்து பெண்கள் அந்நியபாஷையில் பேசியபோது மூளையின் முன்பகுதியில் இரத்த ஓட்டம் குறைந்ததைக் கண்டது. தாங்கள் திட்டமிட்டுப் பேசுவதில்லை என்று அவர்கள் சொன்னதோடு அது ஒத்துப்போகிறது. அந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்பதை மூளையைப் படமெடுக்கும் கருவி சொல்லாது.

சாட்சி சொல்ல விரும்புபவரைத் தடுக்க வேண்டாம். ஆனால் வசனங்களை வாசித்து முடித்த பின்னரே சொல்லச் சொல்லுங்கள், உடனே யாரும் அதை மறுத்துப் பேசவும் விடாதீர்கள். ஆவியின் அபிஷேகத்துக்காக ஜெபிக்கும் காத்திருப்புக் கூட்டத்தில் பலமுறை அமர்ந்தும் பேச வராமல், தமக்குள் ஏதோ பாவம் ஒளிந்திருக்கிறது என்று கலங்கும் இளைஞர்கள் பெரும்பாலும் வாய்திறக்காமல் இருப்பார்கள். அவர்களைக் கூட்டத்தில் கேள்வி கேட்காமல், பின்பு தனியாகப் பேசுங்கள். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்துப் பழக்குவதைப் பெந்தெகொஸ்தே போதகர்களிலேயே பலர் ஏற்பதில்லை என்பதையும் அவர்களிடம் சொல்லலாம். ஜெபநேரத்தில் யாராவது உரத்த குரலில் அந்நியபாஷையில் பேசத் தொடங்கினால் என்ன செய்வது என்பதை முதல் கூடுகையிலேயே எல்லாருடைய சம்மதத்தோடும் முடிவு செய்துவிடுங்கள். 1 கொரிந்தியர் 14:28ஐயே குழுவின் விதியாக வைத்தால், எந்தத் தரப்பினரும் அதைத் தங்களுக்கு எதிரானதாகக் கருத மாட்டார்கள்.