மோட்டாரைத் தூக்கச் சொல்லும் முன்: பம்பிலும் பிரஷர் டேங்கிலும் நாம் செய்யும் தவறுகள்

வாளியில் தண்ணீர் பிடிக்கிறீர்கள். மோட்டார் 'டக்'கென்று ஓடத் தொடங்குகிறது. ஐந்தாறு வினாடியில் 'டக்'கென்று நிற்கிறது. மூச்சு விடுவதற்குள் மறுபடி ஓடுகிறது. இந்தச் சத்தம் கேட்டால் பெரும்பாலான வீடுகளில் சொல்வது ஒன்றுதான்: "மோட்டார் போச்சு, ஆளைக் கூப்பிடு."

மதுரை மாவட்டத்தில் செக்கானூரணிப் பக்கம் என் அக்கா வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. போர் (ஆழ்துளைக் கிணறு) 320 அடி, மோட்டார் 260 அடியில் தொங்குகிறது. வந்தவர் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, "காயில் வீக்காயிருச்சுக்கா, தூக்கிப் பாத்துருவோம்" என்றார். காயில் என்றால் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுற்று. முக்காலி நட்டு, செயின் மாட்டி, பத்தடிப் பத்தடியாகப் பைப்பைக் கழற்றி மோட்டாரை வெளியே எடுக்க ஒரு பகல் முழுதும் ஆனது. காயிலில் ஒரு குறையும் இல்லை. மறுநாள் அதையே திரும்ப இறக்கினார்கள். கூலி போனது, சத்தம் போகவில்லை. அடுத்த வாரம் நான் போனபோது பிரஷர் டேங்கின் காற்று வால்வு மூடியைத் திருகி, உள்ளே இருக்கும் ஊசியை நகத்தால் அழுத்தினேன். காற்று வரவில்லை. துரு கலந்த தண்ணீர் பீய்ச்சி என் சட்டையில் அடித்தது. டேங்குக்குள் இருக்கும் ரப்பர் பை கிழிந்திருந்தது. திண்ணையிலிருந்து நாலு எட்டு தூரத்தில் இருந்த கோளாறை 260 அடி ஆழத்தில் தேடியிருக்கிறோம்.

அந்த டேங்க் என்ன செய்கிறது என்பது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். ரப்பர் பைக்குள் தண்ணீர் இருக்கும், பைக்கும் இரும்புச் சுவருக்கும் நடுவே காற்று இருக்கும். மோட்டார் தண்ணீரைத் தள்ளும்போது காற்று நெருக்கப்பட்டுச் சுருங்குகிறது. பிறகு குழாயைத் திறந்தால், மோட்டார் ஓடாமலே அந்தக் காற்று தண்ணீரை வெளியே தள்ளுகிறது. பிரஷர் சுவிட்ச் இரண்டு எண்களுக்கு நடுவே வேலை செய்யும். பல வீடுகளில் அது 20, 40 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அளவு); சதுர சென்டிமீட்டருக்குக் கிலோ கணக்கில் 1.4, 2.8. அழுத்தம் 20க்கு இறங்கினால் மோட்டாரைப் போடும், 40க்கு ஏறினால் நிறுத்தும். காற்று போய்விட்டால் சுருங்குவதற்கு உள்ளே எதுவும் இல்லை. தண்ணீரைச் சுருக்க முடியாது. அதனால் கொஞ்சம் தண்ணீர் உள்ளே போனதுமே அழுத்தம் காட்டும் கேஜின் முள் 40க்குத் தாவும். ஒரு செம்பு எடுத்ததும் 20க்கு விழும். மோட்டார் புறப்படும் ஒவ்வொரு முறையும், ஓடும்போது இழுப்பதைவிட ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கிறது. அதனால் வரும் சூடு ஆறுவதற்குள் அடுத்தடுத்துப் புறப்பட்டால், நன்றாக இருந்த காயிலும் கருகித்தான் போகும். ஆகவே இந்தச் சத்தத்தை 'ஓடுற வரைக்கும் ஓடட்டும்' என்று விடுவதும் பெரிய தவறு.

காற்றை அளப்பதிலும் எல்லோரும் ஓரிடத்தில் சறுக்குகிறோம். டேங்கில் தண்ணீர் இருக்கும்போதே வால்வில் கேஜை வைத்து, "30 காட்டுதே, காத்து இருக்கு" என்று முடிவு செய்துவிடுகிறோம். அது காட்டுவது தண்ணீரின் அழுத்தத்தைத்தான். முதலில் மெயினை இறக்குங்கள். ஃப்யூஸ் கட்டை இருந்தால் பிடுங்கிச் சட்டைப் பையிலேயே போட்டுக்கொள்ளுங்கள், வீட்டில் யாராவது தெரியாமல் போட்டுவிடுவார்கள். டேங்குக்குக் கிட்டே, தாழ்வாக இருக்கும் குழாயைத் திறந்து, முள் பூஜ்ஜியத்துக்கு வந்து தண்ணீர் சொட்டு நிற்கும் வரை விடுங்கள். அப்புறம் அளந்தால் வருவதுதான் உண்மையான காற்று. மோட்டார் போடும் அளவுக்கு 2 பி.எஸ்.ஐ. குறைவாக அது இருக்க வேண்டும். அதாவது 20ல் போடும் சுவிட்சுக்கு 18. வால்வு பைக் டயரில் இருக்கும் அதே வால்வுதான். பஞ்சர் கடை கேஜும், அந்த வால்வுக்குப் பொருந்தும் கைப் பம்பும் போதும். புது டேங்க் என்றால் கம்பெனியில் அடித்த காற்று உங்கள் சுவிட்சுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். காற்று அதிகமாக இருந்தால், குழாயில் தண்ணீர் ஒரு கணம் நின்றுபோய், பிறகுதான் மோட்டார் போடும். ஊசியை அழுத்தும்போது தண்ணீர் வந்தால் காற்று அடித்துப் பயனில்லை, பையை மாற்ற வேண்டும். பெரும்பாலான டேங்குகளில் பையை மட்டும் தனியாக மாற்றலாம். வருஷத்துக்கு இரண்டு முறை இதைப் பாருங்கள். ஒரு முறை பங்குனியில், சித்திரைத் திருவிழாவுக்கு உறவுக்காரர்கள் வந்து இறங்குவதற்கு முன்னால் பார்ப்பது நல்லது.

டேங்கைச் சேமிப்புத் தொட்டி என்று நினைப்பதும் உண்டு. 24 லிட்டர் டேங்கில், எல்லாம் சரியாக இருந்தாலும், மோட்டார் ஓடாமல் வெளியே வருவது 8 லிட்டர் போலத்தான். ஒரு வாளிகூட நிறையாது. ஆகவே வாளிக்கு ஒரு முறை மோட்டார் போட்டால் அது கோளாறு அல்ல, டேங்க் சிறியது என்று பொருள். ஒரு முறை போட்டால் குறைந்தது ஒரு நிமிடமாவது ஓடும்படி டேங்கின் அளவு இருக்க வேண்டும்.

சுவிட்சின் மூடியைத் திறந்து நட்டைத் திருகுவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் பழக்கம். "மாடியில ஷவர் சரியா வரல" என்று பெரிய நட்டை நாலு சுற்று இறுக்கிவிடுவார்கள். பெரிய நட்டு போடும் அளவு, நிறுத்தும் அளவு இரண்டையும் சேர்த்து ஏற்றும். சின்ன நட்டு நிறுத்தும் அளவை மட்டும் நகர்த்தும். மழைக்காலத்தில் எட்டிப் பிடித்த 50 பி.எஸ்.ஐ.யை, போரில் தண்ணீர் இறங்கிவிட்ட வைகாசியில் அதே மோட்டாரால் எட்ட முடியாது. 47க்கு வந்து அங்கேயே நிற்கும். சுவிட்ச் நிறுத்தாது, மோட்டார் இரவு முழுதும் ஓடும். போடும் அளவை மாற்றினால் டேங்கின் காற்றையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

நட்டைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை வேறு இருக்கின்றன. சுவிட்சின் மூடிக்குள் எறும்பு கூடு கட்டும், பல்லி நுழையும். தொடுமுனைகளுக்கு நடுவே செத்த எறும்பு சிக்கினால் மோட்டார் போடாது. அதைவிட முக்கியம், சுவிட்சை லைனோடு இணைக்கும் விரல் பருமனில்லாத சின்னப் பைப். நம் பக்கத்துப் போர்த் தண்ணீரில் உப்பு அதிகம். டீ போடும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு இந்தப் பைப்பின் துளையையும் அடைத்துவிடும். லைனில் என்ன அழுத்தம் என்றே சுவிட்சுக்குத் தெரியாமல் போகும். அக்கா வீட்டில் அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, ஊசி நுழையும் அளவுக்குத்தான் துளை மிச்சம் இருந்தது. கேஜும் இப்படி அடைத்து, ஒரே எண்ணில் நின்றுபோகும். தண்ணீர் இல்லாதபோதும் 25 காட்டும் கேஜை நம்பி எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

இரவில் யாரும் குழாயைத் திறக்காதபோது மோட்டார் தானாகப் போடுகிறதா? அப்படியானால் தண்ணீர் எங்கோ போகிறது. எங்கே என்று கண்டுபிடிக்க டேங்குக்கு அப்பால் வீட்டுக்குப் போகும் கேட் வால்வை மூடி, மோட்டாரை அணைத்துவிட்டு, அரை மணி நேரம் முள்ளைப் பாருங்கள். வால்வு இறுக மூடுகிறதா என்பதை முதலில் ஒரு குழாயைத் திறந்து உறுதி செய்துகொள்ளுங்கள். முள் நின்றால் கசிவு வீட்டுப் பக்கம். முள் இறங்கினால் தண்ணீர் போருக்கே திரும்புகிறது: என்.ஆர்.வி. (தண்ணீரைத் திரும்ப விடாத வால்வு) பிடிக்கவில்லை, அல்லது இறங்கும் பைப்பில் ஓட்டை. கசிவு வீட்டுப் பக்கம் என்றால், கழிவறை ஃப்ளஷ் தொட்டியில் துணிக்குப் போடும் நீலத்தைக் கொஞ்சம் விட்டுப் பாருங்கள். தண்ணீர் விடாமலே கீழே நீலம் இறங்கினால் இடம் தெரிந்துவிட்டது.

சரி, மோட்டார் 'ம்ம்ம்' என்று முனகுகிறது, சுற்றவில்லை. அப்போது ஸ்டார்ட்டர் பொத்தானை மறுபடி மறுபடி அழுத்துவதுதான் காயிலைக் கருக்கும் குறுக்கு வழி. ஒற்றை ஃபேஸ் மோட்டாரில் இதற்குப் பெரும்பாலும் காரணம், மேலே பேனல் பெட்டிக்குள் இருக்கும், மோட்டார் புறப்பட உதவும் கெப்பாசிட்டர். மேல்பக்கம் உப்பியிருந்தாலோ எண்ணெய் கசிந்திருந்தாலோ அது போய்விட்டது. மெயினை இறக்கிய பிறகும் அதில் கரண்ட் தங்கியிருக்கும், கையால் தொடாதீர்கள். இதை மாற்ற எலக்ட்ரீஷியன் வரட்டும்.

பேனலில் இருக்கும் வோல்ட் மீட்டரையும் ஆம்ப்ஸ் மீட்டரையும் நாம் பார்ப்பதே இல்லை. மோட்டார் நன்றாக ஓடும் ஒரு நாளில் இரண்டு எண்களையும் பேனல் கதவின் உள்பக்கம் மார்க்கரில் எழுதி வையுங்கள். பின்னால் கோளாறு வந்தால் அந்த எண்தான் சாட்சி. ஆம்ப்ஸ் வழக்கத்தைவிடக் குறைந்து தண்ணீரும் வரவில்லை என்றால், மோட்டாருக்கு வேலையே இல்லை: போரில் தண்ணீர் இறங்கிவிட்டது, அல்லது உள்ளே பம்ப் மோட்டாரை விட்டுக் கழன்றுவிட்டது. ஆம்ப்ஸ் ஏறினால் மணல் சிக்கியிருக்கலாம், காயில் பழுதாகியிருக்கலாம், வோல்டேஜ் குறைவாக இருக்கலாம். வோல்ட் சரியாக இருந்து ஆம்ப்ஸ் பூஜ்ஜியமானால் ஒயரைப் பாருங்கள். போனில் இந்த எண்களைச் சொன்னாலே நல்ல மெக்கானிக் பாதி முடிவுக்கு வந்துவிடுவார்.

நம் மதுரைப் பக்கத்து மண்ணுக்கு அடியில் இருப்பது கடினப் பாறை. தண்ணீர் அதன் வெடிப்புகளில்தான் கிடக்கிறது. பெரியாறு கால்வாய் ஓடும் மாதங்களில் வாடிப்பட்டி, அலங்காநல்லூர், மேலூர் பக்கம் கிணறுகளில் தண்ணீர் ஏறும். உசிலம்பட்டிப் பக்கம் மானாவாரி நிலத்தில் மழையை நம்பித்தான் போரே. "தண்ணி மெதுவா வருது, ஒன்றரை எச்.பி. போட்டுருவோம்" என்பது இந்தப் பாறையில் பலிக்காது. ஊறுவதைவிட வேகமாக இறைத்தால் போர் சீக்கிரம் காலியாகும், அவ்வளவுதான். நீர்மூழ்கி மோட்டாரைச் சுற்றியிருக்கும் தண்ணீரே அதைக் குளிர்விக்கிறது. அது இல்லாமல் சில நிமிடம் ஓடினாலே கேடு. ஊற்றுக் குறைந்த போரில் பிரஷர் டேங்கை நேராக மாட்டாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. சின்ன மோட்டாரால் மெதுவாகத் தரைத்தொட்டியை நிரப்பி, அங்கிருந்து ஒரு சின்ன பிரஷர் பம்ப் வைத்து வீட்டுக்கு விடுவது நல்லது. வறண்டால் தானே நிறுத்தும் கருவியைப் போர் மோட்டாருக்குக் கட்டாயம் போடுங்கள்.

திறந்த கிணற்றில் மேலே வைக்கும் மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருப்பது) பற்றி ஒரே சொல்: 25 அடிக்குக் கீழே இறங்கிய தண்ணீரை அதனால் உறிஞ்ச முடியாது. உறிஞ்சு பைப்பின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வை எத்தனை முறை மாற்றினாலும் ஏறாது, மோட்டாரைத்தான் கீழே இறக்க வேண்டும்.

எல்லாம் பார்த்த பிறகும் தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால், தூக்கிய அன்றே செய்ய வேண்டியவற்றைச் செய்துவிடுங்கள். என்.ஆர்.வி.யை மாற்றுங்கள், ஒயர் ஜாயிண்டைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். மோட்டார் தண்ணீர் நிரப்பும் வகை என்றால், இறக்கும் முன் நல்ல தண்ணீர் ஊற்றிக் காற்றுக் குமிழி போகிறதா என்று பாருங்கள். ஒயரைப் பிடித்து இறக்க விடாதீர்கள். பாரத்தைக் கயிறுதான் தாங்க வேண்டும். போர் வாய் திறந்திருக்கும்போதே கயிற்றில் ஒரு கல்லைக் கட்டி விட்டு, ஈரம் எத்தனையாவது அடியில் தொடங்குகிறது என்று அளந்து, தேதியோடு பேனல் கதவில் ஆம்ப்ஸுக்குக் கீழே எழுதிவிடுங்கள்.