சென்னையில் விலை இறங்காது, கிரேன்தான் நிற்கும்: ஊருக்குப் புதிதாக வந்திறங்குபவர்களுக்கு வீடும் வங்கியும்

வந்திறங்கிய முதல் மாதத்திலேயே இந்தக் கேள்வி வந்துவிடும்: வாடகைக்குப் போவதா, வாங்கிவிடுவதா? சித்தப்பா வாங்கச் சொல்வார். மச்சான் ஒரு படி மேலே போய்த் தரகரையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். நான் டப்ளினில் எட்டு வருடம் இருந்துவிட்டு 2014இல் திரும்பியவன். என்னைக் கேட்டால், முதல் வருடம் வாடகைதான். அட்வான்ஸ் பத்து மாதம் கேட்பார்கள். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் மூன்று மாதம்தான் என்கிறது சட்டம். அதைச் சொல்லிப் பேசிப் பாருங்கள், கொஞ்சமாவது இறங்கி வருவார்கள்.

டப்ளினில் நான் பார்த்த சரிவு எல்லோர் கண்ணிலும் பட்ட சரிவு. 2007இல் உச்சத்தில் இருந்த வீட்டு விலை அடுத்த ஐந்தாறு வருடங்களில் பாதிக்கும் கீழே போனது. வங்கிகளைக் காப்பாற்ற அயர்லாந்து அரசு 6,400 கோடி யூரோ கொட்டியது. கட்டுமானக்காரர்களின் மோசமான கடன்களை வாங்கவே 'நாமா' (NAMA) என்று ஒரு அரசு நிறுவனம் ஆரம்பித்தார்கள். 7,400 கோடி யூரோ கடனை அது சுமார் 3,200 கோடிக்கு எடுத்துக்கொண்டது. என்னோடு வேலை பார்த்த கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் 2007 தொடக்கத்தில் அபார்ட்மென்ட் வாங்கியவர். மூன்றே வருடத்தில் வீட்டின் மதிப்பு கடன் பாக்கியைவிடக் கீழே போய்விட்டது. லண்டனில் நல்ல வேலை கிடைத்தும், விற்றால் கையிலிருந்து போட்டுக் கடனை அடைக்க வேண்டும் என்பதால் போகாமலே இருந்துவிட்டார்.

இந்த அனுபவத்தோடு வருகிறவர்கள் இங்கேயும் விலை விழுவதற்காகக் காத்திருப்பார்கள். சென்னையில் அது அப்படி விழாது. விற்பவர் சதுர அடி விலையைக் குறைத்தால் ஏற்கெனவே வாங்கியவர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள். அதனால் விலைப் பட்டியல் அப்படியே இருக்கும். "ரேட்ல கை வைக்க முடியாது சார், பத்திரச் செலவை நாங்க பாத்துக்கறோம்" என்பார்கள். அப்புறம் கார் பார்க்கிங், மாடுலர் கிச்சன், இரண்டு ஏ.சி. விலை இறங்குவது இப்படித்தான் தெரியும். அதுவும் போதவில்லை என்றால் வேலை நின்றுபோகும். 2018இல் ஐஎல் அண்ட் எஃப்எஸ் என்ற பெரிய உள்கட்டமைப்பு நிதி நிறுவனம் தவணை தவறியபோது, கட்டுமானக்காரர்களுக்குக் கடன் கொடுத்துக்கொண்டிருந்த நிதி நிறுவனங்கள் நாடு முழுக்கக் கையை இழுத்துக்கொண்டன. பாதியில் நின்ற வீடுகளை முடிக்க மத்திய அரசு 2019 நவம்பரில் 25,000 கோடி ரூபாய் நிதி அறிவிக்க வேண்டி வந்தது.

அதனால் விளம்பரத்தைப் பார்க்காதீர்கள். ஒரு சாதாரண நாளில் இரவு எட்டு மணிக்குப் போய் அந்தக் கட்டடத்தைப் பாருங்கள். ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் நான் பார்க்கப் போன ஒரு பதினான்கு மாடிக் கட்டடத்தில் 'தொண்ணூறு சதவீதம் விற்றுவிட்டது' என்றார்கள். எதிர் டீக்கடையில் நின்று எண்ணினேன். பத்தொன்பது வீட்டில்தான் விளக்கு எரிந்தது. பால்கனிகளில் துணி காயும் கொடி அதைவிடக் குறைவு. விற்றிருக்கலாம், பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் வாங்கியவர்கள் குடியிருக்க வாங்கவில்லை, ஏறினால் விற்க வாங்கியிருக்கிறார்கள். நீங்கள் விற்க நினைக்கும் அன்று அவர்களும் உங்களோடு வரிசையில் நிற்பார்கள். தண்ணீர் லாரி ஒரு நாளைக்கு எத்தனை தடவை வருகிறது என்பதையும் அந்த டீக்கடையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டிக்கொண்டிருக்கும் வீடு என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணைக் கேளுங்கள். வாங்குபவர்களிடம் வசூலிப்பதில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட்டு அந்தக் கட்டடத்துக்கே செலவழிக்க வேண்டும் என்பது 2016ஆம் வருடச் சட்டம். ஆனால் மனை 500 சதுர மீட்டருக்கு மிகாமலோ வீடுகள் எட்டுக்கு மிகாமலோ இருந்தால் பதிவு வேண்டாம் என்று அதிலேயே ஒரு விதிவிலக்கும் உண்டு. 500 சதுர மீட்டர் என்பது நம் கணக்கில் சுமார் இரண்டேகால் கிரவுண்டு. மாம்பலம், நங்கநல்லூர் பக்கம் பழைய தனிவீட்டை இடித்துக் கட்டும் அபார்ட்மென்ட்களில் நிறைய இந்த அளவுக்குள் வந்துவிடும். அங்கே உங்களைக் காப்பாற்றப்போவது வக்கீலும், சொத்தின் மீது என்னென்ன பதிவாகியிருக்கிறது என்று காட்டும் வில்லங்கச் சான்றிதழும்தான்.

வில்லங்கத்தை முப்பது வருடத்துக்குப் போடுங்கள். அதில் உரிமை ஆவண ஒப்படைப்பு என்று ஒரு பதிவு இருந்து, அதை ரத்து செய்த ரசீது பின்னால் இல்லை என்றால் நின்றுவிடுங்கள். மூலப் பத்திரம் ஏதோ ஒரு வங்கியின் பெட்டகத்தில் இருக்கிறது என்று அர்த்தம். நிலத்தை அடமானம் வைத்துக் கட்டுபவர் வாங்கிய கடனாக இருக்கலாம். அந்த வங்கியிடமிருந்து உங்கள் வீட்டு எண்ணைக் குறிப்பிட்ட தடையின்மைக் கடிதம் வராமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

சரி, கடன். வீட்டின் மதிப்பில் வங்கி எவ்வளவு தரலாம் என்பதற்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைத்திருக்கிறது: 30 லட்சம் வரையான கடனுக்கு 90 சதவீதம், 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. 80 லட்ச ரூபாய்ப் பழைய ஃப்ளாட் ஒன்றுக்கு 64 லட்சம் கிடைத்தாலும், மீதி 16 லட்சத்தோடு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று இன்னும் 7 லட்சத்து 20 ஆயிரம் உங்கள் கையிலிருந்துதான் போக வேண்டும். கட்டி முடிக்காத வீட்டுக்குக் கடனைத் தவணை தவணையாக விடுவிப்பார்கள், அதுவரை வட்டி மட்டும் கட்டலாம். வேலை நின்றுபோனாலும் அந்த வட்டி நிற்காது. குடியிருக்கும் வீட்டு வாடகையும் சேர்ந்துகொள்ளும். இந்த இரண்டையும் சேர்த்து இரண்டு வருடம் தாங்குமா என்று கணக்குப் போட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அமெரிக்காவிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு விஷயம். அங்கே சில மாநிலங்களில் சாவியை வங்கியிடம் கொடுத்துவிட்டு நடையைக் கட்டலாம். இங்கே அது நடக்காது. 90 நாள் தவணை தவறினால் வாராக்கடன். அப்புறம் 60 நாள் நோட்டீஸ், சுவாதீனம், ஏலம். ஏலத்தில் வந்த தொகை போதவில்லை என்றால் பாக்கியும் உங்கள் தலையில்தான்.

அதே ஏலத்தில் மலிவாக வாங்கலாமே என்று தோன்றும். வாங்கலாம், ஆனால் 'உள்ளது உள்ளபடி' என்றுதான் விற்பார்கள். உள்ளே ஆள் குடியிருந்தால் காலி செய்வது, சொத்து வரி, மின்கட்டணம், சங்கத்துக்கான பராமரிப்புப் பாக்கி என்று எல்லாம் உங்களிடமே வந்து சேரலாம். ஏலம் முடிந்ததும் 25 சதவீதம், மீதி 15 நாளில். கடன் ஒப்புதல் முன்கூட்டியே கையில் இல்லாதவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

கடைசியாக, பாஸ்போர்ட். இந்தியக் குடியுரிமையோ ஓசிஐ அட்டையோ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) இருந்தால் வீடு வாங்கத் தடையில்லை. ஆனால் வெளிநாட்டுவாசியாக இருக்கும்வரை விவசாய நிலமும் பண்ணை வீடும் வாங்க முடியாது. 'செங்கல்பட்டுப் பக்கம் பண்ணை நிலம்' என்று யாராவது கூப்பிட்டால் இதை நினைவில் வையுங்கள். இலங்கைப் பாஸ்போர்ட்டில் வருகிறவர்கள் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் வாங்க முடியாது. சொந்தக்காரர் பெயரில் வாங்கிக்கொள்ளலாம் என்று தரகர் சொல்வார், கேட்காதீர்கள். விற்பவர் வெளிநாட்டுவாசி என்றால் வரியைப் பிடித்தம் செய்து கட்ட வேண்டியது வாங்கும் நீங்கள்தான். அதுவும் உள்ளூர்க்காரருக்குப் பிடிக்கும் ஒரு சதவீதம் அல்ல, அதைவிடப் பல மடங்கு. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே ஆடிட்டரைப் பாருங்கள். பத்திரப்பதிவு அன்று சார்பதிவாளர் அலுவலக வாசலில் நின்றுகொண்டு ஆடிட்டருக்குப் போன் செய்தால் ஒன்றும் செய்ய முடியாது.