வினோகிராட்ஸ்கி தூண்: பாட்டில் சேற்றில் ஒரு சூழல் மண்டலம்

நுண்ணுயிர்களை அவை வாழும் சூழலோடு சேர்த்துப் படிக்க வழிகாட்டிய முன்னோடி, கீவ் நகரில் 1856இல் பிறந்த செர்கேய் வினோகிராட்ஸ்கி. பெகியாடோவா என்னும் வெண்ணிற இழை பாக்டீரியா ஹைட்ரஜன் சல்ஃபைடை (அழுகிய முட்டை நாற்றமடிக்கும் வாயு) ஆக்சிஜனேற்றி அதிலிருந்து ஆற்றல் பெறுகிறது என்று 1887இல் காட்டினார். அவர் பெயரால் வழங்கும் சேற்றுத் தூணை, அதாவது வெவ்வேறு நுண்ணுயிர்கள் நிற அடுக்குகளாக வளரும் சேற்றுப் பாட்டிலை, வீட்டிலேயே அமைக்கலாம்.

1.5 லிட்டர் நிறமற்ற பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்தை வெட்டி எடுங்கள். குளத்தின் ஓரத்தில், நீருக்கடியில் கிடக்கும் கறுத்த சேறு ஒரு லிட்டர் வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் நல்ல சேறு. துருச் சிவப்பான சேற்றைத் தவிர்த்துவிடுங்கள்: அதிலுள்ள இரும்பு, ஹைட்ரஜன் சல்ஃபைடைப் பிடித்துக்கொள்ளும், தூண் முழுக்கக் கறுத்துப்போய் வேறு நிறமே வராது. கல், குச்சி, நத்தை எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள்.

கால் லிட்டர் சேற்றைத் தனியே எடுத்து, பொடியாகக் கிழித்த செய்தித்தாள் அரைப் பக்கம், ஒரு முட்டை மஞ்சள் கரு, ஒரு மேசைக்கரண்டி முட்டை ஓட்டுத் தூள், பொடித்த சாக்பீஸ் ஒன்று ஆகியவற்றைக் கலக்குங்கள். கரும்பலகை சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம். அது சல்ஃபேட் தரும், கார்பனேட் தராது. அதற்குத்தான் முட்டை ஓடு. குளத்து நீர் விட்டு தோசை மாவுப் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் கூடாது.

இந்தக் கலவை அடியில், வெறும் சேறு மேலே. கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, பாட்டிலைத் தட்டித் தட்டிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுங்கள். குமிழி தங்கினால் அங்கே ஆக்சிஜன் புகுந்து அடுக்கு கலையும். மேலே 3 செ.மீ. நீர், அதற்கு மேல் அதே அளவு வெற்றிடம். பிளாஸ்டிக் தாளால் மூடி ரப்பர் பேண்ட் போட்டு, ஊசியால் நாலைந்து துளை இடுங்கள். இறுக மூடினால் உள்ளே உண்டாகும் வாயு வெடித்துக்கொண்டு வெளியேறும். முட்டையும் காகிதமும் அளவு மீறினாலும் இதே தொல்லைதான்: வாயு சேற்றையே மேலே தூக்கிவிடும்.

வெயில் நேரே படாத வெளிச்சமான ஜன்னலோரத்தில், அசைக்காமல் வையுங்கள். நேர் வெயிலில் சேறு சூடேறும், பாசி மண்டும். வெள்ளை எல்இடி விளக்கை மட்டும் நம்ப வேண்டாம். ஊதா பாக்டீரியாவுக்கு வேண்டிய அகச்சிவப்பு ஒளி அதில் அநேகமாக இல்லை. நீர் வற்றினால் குளத்து நீரையே ஊற்றுங்கள்.

முதலில் அடிப்பகுதி கறுக்கும். சல்ஃபேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியா ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளிவிட, அது இரும்போடு சேர்வதால் வரும் கறுப்பு அது. ஒன்றிரண்டு மாதத்தில் வெளிச்சம் படும் பக்கமாகப் பச்சைத் திட்டும், அதற்கு மேலே ஊதாத் திட்டும் தோன்றும். இரண்டும் ஒளிச்சேர்க்கைக்கு நீருக்குப் பதில் அந்தக் கழிவு வாயுவையே பயன்படுத்துகின்றன. பச்சை பாக்டீரியா அதை அதிகம் தாங்கும் என்பதால் கீழே இடம் பிடிக்கிறது.

கூடவே இன்னொரு பாட்டில் நிரப்பி, அலுமினியத் தாளை முழுக்கச் சுற்றி, ஒரு பக்கம் மட்டும் விரல் அகலத்துக்குக் கீறி விடுங்கள். நிறம் வந்தால் அந்தக் கீறல் வழியே மட்டும் வரும். மற்ற இடமெல்லாம் கறுப்பாகவே இருக்கும்.